டிசம்பரில் வேண்டாம், பெருநாள் முடிந்து போங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் உங்கள் வீட்டில் வேன் ஹயர் பேசுகிற ஆளிடமாவது இதைக் காட்டுங்கள்.

போன தவணை தரம் 7 பிள்ளைகளுக்கு "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை கொடுத்தேன். பழைய தலைப்புதான். நானும் எழுதினேன், என் உம்மாவும் எழுதியிருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தும்போது ஒரு மகனின் கொப்பியில் நின்றுவிட்டேன். குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போனானாம். தலைகீழாக ஓடும் ரயில், உயரத்திலிருந்து தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும் குழாய், வாப்பா பயந்து கண்ணை மூடிக்கொண்டது, தங்கச்சி ஐஸ்கிரீமைக் கீழே போட்டது என்று மூன்று பக்கம். எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. அவனுடைய வாப்பா கட்டாரில் இருக்கிறார், போய் நாலு வருடம் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் கொப்பியைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "யூடியூப்ல பார்த்தது டீச்சர்" என்றான். அப்போ தங்கச்சி ஐஸ்கிரீம் போட்டது? "அது நம்மட பெருநாள் கடற்கரையில."

மார்க்ஸ் குறைக்கவில்லை. கட்டுரை என்றால் அதுதான் கட்டுரை. ஆனால் வகுப்பில் எத்தனை பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யோசித்தேன். கை உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. கை உயர்த்தாத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

இந்த வயதுப் பிள்ளைகளின் காலத்தை எண்ணிப் பாருங்கள். அவர்கள் நடை பழகி ஓடித் திரியும் வயதில் 2019 ஏப்ரல் 21 வந்தது. அதற்குப் பிறகு அபாயா போட்ட ராத்தாமாரைக் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் உல்லாசமாகப் போய் வர யாருக்கு மனம் வந்தது? வாசலில் எப்படிப் பார்ப்பார்கள், பையைத் திறக்கச் சொல்வார்களா என்ற எண்ணத்திலேயே போகவில்லை. அந்தத் தயக்கம் தீருவதற்குள் 2020இல் கொரோனா. அது தணிய 2022. பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் யார் பயணம் போனார்கள்? ஒரு குழந்தைப் பருவத்தின் பாதி இப்படியே போய்விட்டது. அவர்களின் பெற்றோருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூதூரில் பிறந்து வளர்ந்த பலருக்குக் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போன முதல் நீண்ட பயணம் 2006 ஆகஸ்டில், சண்டைக்கு நடுவே கந்தளாய் நோக்கிப் போனதுதான். கிண்ணியாவில் 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரைக்கும் ரிங்கோ டவுனுக்குப் போவதே பாதையில் ஏறிப் போகிற பயணம். ஆகவே "நாங்கள் சின்ன வயசில எங்க போனோம்?" என்று பிள்ளைகளிடம் சொல்கிற வாப்பாமாரே, நீங்கள் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை.

இந்தக் கதையை ஸ்டாப் ரூமில் சொன்னதிலிருந்து நாலைந்து குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டன. எங்கே போகலாம், எப்போது போகலாம் டீச்சர் என்று. எங்கே என்பது சுலபம், நம் நாட்டில் அதிகம் தெரிவு இல்லை. கொஸ்கமப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கிறது. பண்டாரகமவில் பேர்ள் பே. வடக்கே ஆனையிறவுக்கு அப்பால் இயக்கச்சியில் றீச்ஷா, பண்ணையும் பொழுதுபோக்கு இடமுமாகச் சேர்ந்தது. இந்தியாவில் இருக்கிற மாதிரி, 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி இப்போது வொண்டர்லா என்று ஊர் ஊராகப் பெருகியிருக்கிறதே, அந்த அளவில் இங்கே ஒன்றும் இல்லை. முதல் தடவை போகிற பிள்ளைக்கு இருப்பதே தாராளம்.

எப்போது என்பதில்தான் நாம் பிழை விடுகிறோம்.

ஆகஸ்ட் வந்தால் நிலாவெளியும் உப்புவெளியும் வெள்ளைக்காரர்களால் நிரம்பிவிடும். அதே நேரத்தில் நம் ஆட்கள் டிசம்பர் லீவுக்கு பஸ் பேசத் தொடங்குவார்கள். டிசம்பர் அல்லது சித்திரைப் புத்தாண்டு, இந்த இரண்டைத் தவிர நமக்கு வேறு நாள் தெரியாது. நாடு முழுக்கப் பாடசாலை விடுமுறை விடுகிற நாட்கள் அவை. இருபது நிமிடம் வெயிலில் நின்று ஒரு நிமிடம் சறுக்கிவிட்டு, மறுபடி போய் வரிசையின் வாலைப் பிடிக்கிற நாட்கள். மழைக் கணக்கையும் பாருங்கள். புவியியல் படிப்பிக்கும் சேர் எனக்கு இதை ஒருநாள் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். நமக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. கொஸ்கம, அவிசாவளைப் பக்கம் ஈர வலயம். அங்கே மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் இன்னும் மோசம், ஏப்ரலில் பின்னேரம் பின்னேரமாக இடிமழை. இடி மின்னல் என்றால் தண்ணீரிலிருந்து ஆட்களை வெளியேற்றி விளையாட்டை நிறுத்திவிடுவார்கள், அது சரியான காரியமும்கூட. அப்படிப் பார்த்தால் அந்தப் பக்கம் நன்றாகக் காய்ந்து கிடப்பது ஜனவரி, பெப்ரவரி, மார்ச் தொடக்கம். நவம்பர் டிசம்பரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது வெருகல், மூதூர், சேருவிலப் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோரும் கண்டோம்.

இப்போது நம் கையில் இருக்கிற, ஆனால் நாம் கவனிக்காத ஒரு வசதியைச் சொல்கிறேன். முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சு தனி நாட்காட்டி போடுகிறது. நோன்புக்கு நாம் மூடுகிறோம், மற்றப் பாடசாலைகள் நடக்கின்றன. பெருநாள் முடிந்து நாம் திரும்பத் தொடங்கும் வரைக்கும் சில கிழமை நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களில் கொழும்பு, கண்டி, குருநாகல் பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருப்பார்கள். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது அல்லவா? 2027இல் நோன்புப் பெருநாள் மார்ச் இரண்டாம் வாரம். 2028இல் பெப்ரவரி கடைசி. 2029இல் பெப்ரவரி நடுப்பகுதி. 2030இல் பெப்ரவரி முதல் வாரம். ஒரு நாள் முன்பின் பிறை சொல்லும். அதாவது அடுத்த நாலு வருடமும் நம் பெருநாள் விழுவது அந்தப் பக்கம் மழை குறைந்த மாதங்களிலேயே. அதற்குப் பிறகு அது டிசம்பருக்குள் போய்விடும், நமக்கு மழை, அவர்களுக்கு லீவு. திரும்பி இப்படி ஒரு காலம் வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். இன்று தரம் 7 படிக்கிற பிள்ளை அப்போது தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று, இது நான் கலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொஞ்சம் பெருமைப்பட்டது. பெருநாள் தலைப்பிறையில் வருகிறது. போயா பூரணையில். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம். ஆகவே பெருநாள் வாரத்தில் போயா லீவுக் கூட்டம் ஒருபோதும் வராது.

பெருநாளுக்கு மறுநாளே புறப்பட்டுவிடாதீர்கள். அன்றைக்குப் போனால் காத்தான்குடியும் புத்தளமும் அக்குறணையும் மாவனல்லையும் அங்கேதான் நிற்கும். ஸலாம் சொல்லியே வாய் நோகும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்று பாருங்கள். 2027இல் பெருநாள் புதன் அல்லது வியாழன் வரும்போல் தெரிகிறது. சனி ஞாயிறை விட்டுவிட்டு அடுத்து வரும் திங்கள் அல்லது செவ்வாய் நமக்கு விடுமுறையாக இருந்தால் அதுதான் நாள். சுற்றறிக்கை வந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். அந்த நாள் கிடைக்காவிட்டால்? ரிங்கோ டவுனில் மற்றப் பாடசாலைகளில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் இந்த லீவு கிடையாது. அப்படியானவர்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு கிழமை நாளில் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு எடுங்கள். ஆசிரியர் ஒருத்தியே இப்படிச் சொல்லலாமா என்று அதிபர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கலியாண வீட்டுக்கு மூன்று நாள் பிள்ளையை நிறுத்தும்போது ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. முதல்நாளே வகுப்பாசிரியருக்குக் கடிதம் கொடுத்தால் போதும். காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள். பிள்ளை வந்து எல்லாக் கதையையும் எங்களிடம் சொல்லிவிடும்.

ஆளில்லாத நாளில் போவதில் குறையும் உண்டு. சில விளையாட்டுகளைத் திருத்த வேலைக்காக அந்த நாட்களில்தான் மூடுவார்கள். சிலதை ஆள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவார்கள். சாப்பாட்டுக் கடை பாதிதான் திறந்திருக்கும். ஆகவே போவதற்கு முந்தின நாள் போன் பண்ணிக் கேட்க வேண்டும். "திறந்திருக்கா?" என்று மட்டும் கேட்டால் திறந்திருக்கு என்றுதான் பதில் வரும். நாளைக்கு எது எது ஓடாது, தண்ணீர் விளையாட்டு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, நாளைக்கு எத்தனை பாடசாலை பஸ் பதிவாகி இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கிழமை நாளில் கூட்டம் வந்தால் அது பாடசாலைச் சுற்றுலாவால்தான் வரும். ஆறு பஸ் என்றால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கட் விலையை நான் எழுதப்போவதில்லை. இன்று எழுதுவது அடுத்த மாதம் பொய்யாகிவிடும், அதையும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் எங்கள் தெருவே சேர்ந்து ஒரு பெரிய பஸ் பிடித்து மேற்குப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். இரவு பன்னிரண்டு மணிக்குப் பஸ் எடுத்தது. பாட்டு, கச்சான், வாந்தி, திரும்பப் பாட்டு. காலை எட்டு மணிக்கு வாசலில் இறங்கியபோது பிள்ளைகள் தூக்கத்தில் தள்ளாடினார்கள். உள்ளே போனால் சனக்கடல். பெரிய சறுக்கு ஓடவில்லை, காரணம் சொல்ல ஆளும் இல்லை. என் சின்ன மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு மாதமாக ஒரே ஒரு விளையாட்டைப் பற்றியே கனவு கண்டுகொண்டிருந்தான், படம் கீறிச் சுவரில்கூட ஒட்டியிருந்தான். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று முன்னுக்குப் போனதும் அங்கே நிற்பவர் ஒரு கம்பைக் காட்டினார். அந்தக் கோட்டுக்கு மகன் நாலு விரல் குறைவு. அவர் செய்தது சரி. பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான் அந்தக் கோடு. ஆனால் அவனுக்குப் பின்னால் நின்ற மாமி மகன், ஒரே வயது, உயரமானவன், உள்ளே போய்விட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள், இவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

போவதற்கு முன் வீட்டிலேயே அளந்திருந்தால் இது நடந்திருக்காது. வாசல் நிலையில் பிள்ளையை நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பெரிய விளையாட்டுகளுக்குப் பல இடங்களில் நாலடி, அதாவது 120 சென்டிமீட்டர் அளவில் கேட்பார்கள். எதற்கு எவ்வளவு என்று அதையும் போனில் கேட்டு, "இது உனக்கு இந்த வருடம் இல்லை, இது உனக்கு உண்டு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் சொன்னால் பிள்ளை அரை மணி நேரம் அழும். அங்கே போய்ச் சொன்னால் வருடக்கணக்கில் வைத்திருக்கும்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றையும் கண்டேன். மதியம் மர நிழலில் பாய் விரித்து எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிவரப் பைகள், செருப்புகள், சோத்துப் பார்சல்கள், மூன்று கைக்குழந்தைகள். தூங்காமல் இடியப்பம் அவித்தவர்கள். ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில். நானும் பாயில்தான் இருந்தேன், நல்லவள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாமி, ஐம்பது வயதிருக்கும், சுற்றிச் சுற்றி ஆடும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுங்களேன் மாமி என்றேன். "எனக்கும் டிக்கட் எடுத்திருக்காங்க மகள், ஆனா பையை யார் பார்க்கிறது?" என்றார். டிக்கட் எடுத்தாயிற்று, காசு கொடுத்தாயிற்று, ஏற ஆள் இல்லை. ஏனென்றால் பை இருக்கிறது!

ஆகவே என் அபிப்பிராயம், தெருவோடு போகாதீர்கள், ஒரு குடும்பமாகவோ இரண்டு குடும்பமாகவோ போங்கள். இடியப்பம் அவிக்க வேண்டாம், வழியில் நம் ஆட்களின் கடைகள் தாராளமாக இருக்கின்றன. உள்ளே வெளிச் சாப்பாடு விடுவார்களா, ஹலால் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்றபடி செய்யுங்கள். பையை வாப்பா ஒரு மணித்தியாலம் பார்க்கட்டும். பொருட்கள் வைக்கும் லொக்கர் இருந்தால் அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. நம் பெண்கள் தண்ணீரில் இறங்கத் தயங்குவது வெட்கத்தால் மட்டுமல்ல, உடுப்பாலும்தான். பெரும்பாலான இடங்களில் பருத்தி உடுப்போடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நைலோன் மாதிரித் துணி வேண்டும் என்பார்கள். அதிலேயே கையும் காலும் தலையும் மூடிய நீச்சலுடுப்பு இப்போது வாங்கலாம். அதற்கு அங்கே அனுமதி உண்டா என்பதை வாசலில் நின்று வாதாடாமல் முதலே கேட்டுவிடுங்கள். ஆளில்லாத கிழமை நாளுக்கு இன்னொரு பெறுமதி இங்கேதான் இருக்கிறது. சனம் நெரிகிற நாளில் மாமி ஏறமாட்டார். பத்துப் பேர் மட்டும் இருக்கிற செவ்வாய்க்கிழமை ஏறக்கூடும்.

மலசலகூடம் எங்கே, குடிக்கிற தண்ணீர் எங்கே என்று உள்ளே போனவுடனேயே பார்த்து வையுங்கள். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1955 ஜூலை 17ஆம் திகதி டிஸ்னிலேண்ட் திறந்த அன்று, குழாய் வேலை செய்கிறவர்களின் வேலைநிறுத்தத்தால் எல்லாவற்றையும் முடிக்க நேரம் போதாமல், குடிநீர்க் குழாயா மலசலகூடமா என்ற நிலை வந்தபோது மலசலகூடத்தைத்தான் முடித்தார்கள். அன்று கொளுத்திய வெயிலில் தண்ணீர் இல்லாமல் சனம் ஏசியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே முதல் நாள் அப்படி. மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போகிற உம்மாவுக்கு இது சின்ன விசயமா?

தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ அனுமதி இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். நிபந்தனைகளை உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் கேளுங்கள். நோன்பு நாளிலேயே போகலாமா, பயணிக்குச் சலுகை உண்டுதானே என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, ஒரு மாதம் பொறுங்கள்.

அடுத்தது பாதை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவில் எடுத்து, பகல் முழுக்க விளையாடி, அடுத்த இரவில் திரும்புகிற பயணத்தை நிறுத்துங்கள். நாம் தூங்கிக்கொண்டு போகிறோம், சாரதி தூங்காமல் போகிறார். பகலில் நாம் விளையாடும்போது அவர் வேனுக்குள் வெயிலில் புரண்டு கிடக்கிறார். 2025 மே 11 விடியற்காலையில் கொத்மலைப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் போனார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு எல்ல வீதியில் பதினைந்து பேர், தங்காலை நகர சபை ஆட்கள், சுற்றுலா போய்த் திரும்பும்போது. நம் பாதையில் பள்ளம் இல்லை என்று சொல்லாதீர்கள், நம் பாதையில் யானை இருக்கிறது. கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் இருட்டில் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கம் ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் ஒரே இரவில் செத்தன. தண்டவாளத்தில் ரயிலுக்கே அப்படியென்றால் வேன் எம்மட்டு?

கிண்ணியாவில் இருக்கிற நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை நாம் எப்படித் திரும்பக் கொண்டுவந்தோம் என்பது எல்லோர் மனதிலும் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பயணத்துக்கும் பிள்ளைகளை ஏற்றும்போது நான் முதலில் இருக்கையை எண்ணுகிறேன், பிறகு தலையை எண்ணுகிறேன். பதினான்கு இருக்கை என்றால் பதினான்கு பேர். மடியில் வைக்கிற கணக்கு கிடையாது.

சுபஹ் தொழுதுவிட்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று நிதானமாகப் போனால் பின்னேரம் கொழும்புப் பக்கம் சேரலாம். அன்றிரவு சொந்தக்காரர் வீட்டிலோ மலிவான அறையிலோ தங்கி, அடுத்த நாள் பூங்கா திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பெரிய விளையாட்டுகளை முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம். மார்ச் என்றால் பின்னேரம் ஒரு மழை வந்தாலும் கவலை இல்லை. அன்றிரவும் தங்கிவிட்டு மூன்றாம் நாள் பகலில் ஊர். மூன்று நாளா, செலவு கூடுமே என்பீர்கள். ரயிலையும் யோசியுங்கள். ரிங்கோவிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு இரவு ரயில் இருக்கிறது, அங்கிருந்து அவிசாவளைப் பாதையில் கொஸ்கமவுக்குப் பஸ்ஸும் உண்டு, களனிவெளி ரயிலும் உண்டு. ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதலில் ஸ்டேசனில் விசாரியுங்கள். ரயிலே ஏறாத பிள்ளைக்கு அதுவே பாதிப் பூங்கா.

செலவில் பெரும்பகுதி டிக்கட்டுக்குப் போவதில்லை, வேனுக்கும் டீசலுக்கும்தான். அதனால்தான் ஆட்களைத் திணிக்கிறோம், அதனால்தான் இரவோடு இரவாகத் திரும்புகிறோம். இதற்கு ஒரு வழி நம் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்: சீட்டு. மூன்று குடும்பம் சேர்ந்து இப்போதே மாதம் மாதம் கட்டத் தொடங்கினால் பெருநாளுக்குள் கை நிறையும். கடன் வாங்கிப் போகாதீர்கள், நகையை வைத்தும் போகாதீர்கள். சுற்றுலாவுக்கு வைத்த நகையை மீட்க முடியாமல் அழுத ஒரு தாயை நான் அறிவேன்.

இதெல்லாம் வீண்விரயம் டீச்சர் என்று ஒரு நானா சொன்னார். மரியாதையோடு கேட்கிறேன். பெண் பிள்ளை பிறந்த அன்றிலிருந்து அவளுக்குச் சீதன வீடு கட்டத் தொடங்குகிறோம். வாப்பா வெளிநாடு போவது அதற்கு, உம்மா சீட்டுக் கட்டுவது அதற்கு. இருபது வருடம் கல்லும் சீமெந்துமாக அவளுக்காகச் செலவழிக்கிறோம். அந்த இருபது வருடத்தில் ஒரு நாள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது உண்டா? வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சண்டையை வேறொரு நாளைக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு மதிலின் காசு குறைந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இன்னொருவர் சொன்னது நியாயம். நம் ஊரிலேயே எவ்வளவு இருக்கிறது, அதைப் பார்க்காமல் கொஸ்கமவுக்கு ஏன் ஓட வேண்டும் என்றார். உண்மைதான். நிலாவெளிக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற புறாத்தீவை உலகத்தின் மறுமூலையிலிருந்து வந்து பார்க்கிறார்கள், என் வகுப்பில் போன பிள்ளை யாரென்று எனக்குத் தெரியவில்லை. கோட்டைக்குள் மான் திரிவதைக் காணாத பிள்ளையும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றுக்கும் போகத்தான் வேண்டும். முதல் பயணத்துக்கு ஒத்திகையாக இவற்றில் ஒன்றுக்கு ஒரு பகல் குடும்பமாகப் போய்ப் பாருங்கள். யாருக்கு வாந்தி வருகிறது, யார் எத்தனை மணிக்குப் பசியில் கத்துகிறார்கள், வாப்பாவின் பொறுமை எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். ஆனால் கடலையும் மானையும் காட்டிவிட்டு, இது போதும் என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கட்டுரையில் எழுதியது கடலைப் பற்றி இல்லை. வாப்பா பயந்து கண்ணை மூடிக்கொண்டதை எழுதியிருந்தான்.

அவனுடைய வாப்பா வருகிற பெருநாளுக்கு லீவில் வர முயற்சி செய்கிறாராம், உம்மா சொன்னார். வேன் கணக்கையும் நாள் கணக்கையும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசல் நிலையிலும் ஒரு பென்சில் கோடு விழுந்திருக்கிறது. மகன் தாண்டிவிட்டான். தங்கச்சிக்கு இன்னும் இரண்டு விரல் வேண்டும், மார்ச் வரைக்கும் நாள் இருக்கிறது. தினமும் காலையில் போய் நின்று பார்க்கிறாளாம்.